சிஎன்சி ரூட்டரில் மரக் கடிகாரம்: முதலில் கடிகார மெஷினை அளந்துகொள்ளுங்கள்

கணினி காட்டும் பாதையில் மரத்தை வெட்டும் இயந்திரம்தான் சிஎன்சி ரூட்டர். அதில் கடிகாரம் செய்வதென்றால், பலகையை வாங்கும் முன்பே குவார்ட்ஸ் மெஷினை, அதாவது முள்களை ஓட்டும் பேட்டரிப் பெட்டியை, வாங்கிவிடுங்கள். மற்ற அளவெல்லாம் அதன் மரை போட்ட தண்டை வைத்துத்தான். பரவலாகக் கிடைப்பவை 56 மி.மீ. சதுரம், சுமார் 16 மி.மீ. கனம், தண்டு ஏறக்குறைய 8 மி.மீ. விட்டம். மரையின் நீளம் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். அதில் ரப்பர் வாஷருக்கும் நட்டுக்குமாக 4 மி.மீ. கழியுங்கள், மிஞ்சுவதுதான் தண்டைச் சுற்றி மரம் இருக்கக்கூடிய கனம். மரை 9 மி.மீ. என்றால் மரம் 5 மி.மீ.

300 மி.மீ. வட்டக் கடிகாரத்துக்கு 340 மி.மீ. சதுரம், 24 மி.மீ. கனத்தில் நன்கு காய்ந்த தேக்குப் பலகை எடுத்துக்கொள்ளலாம். திருகுகள் நான்கு மூலைகளில், வட்டத்துக்கு வெளியே.

பின்புறத்தை முதலில் முடியுங்கள். 25 மி.மீ. சர்ஃபேசிங் பிட்டால் (பரப்பைச் சமமாகச் சீவும் அகலமான வெட்டுமுனை) 1 மி.மீ. சீவிவிட்டு, நடுவில் மெஷின் உட்கார 60 மி.மீ. சதுரக் குழியை 17 மி.மீ. ஆழத்துக்கு எடுங்கள். இரண்டு பல் உள்ள 6 மி.மீ. எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் தட்டைமுனை பிட்), நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட் நகரும் ஓட்டம் நிமிடத்துக்கு 1,800 மி.மீ., ஒரு பாஸுக்கு (ஒருமுறை ஓடுவதற்கு) 2 மி.மீ. ஆழம். ஒவ்வொரு பல்லும் 0.05 மி.மீ. சீவும். பயந்து ஓட்டத்தைப் பாதியாக்கினால் பிட் வெட்டாமல் உரசும். மரம் கருகும், பிட் மழுங்கும். அதிர்வு வந்தால் ஆழத்தைக் குறையுங்கள்.

மையத் துளையை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து போடவே கூடாது. பலகையைத் திருப்பும்போது அரை மி.மீ. நகர்ந்தாலும் முள்கள் எண் வட்டத்தின் நடுவில் நிற்காது. எண்களை வெட்டும் அதே அமைப்பில், முன்பக்கத்திலிருந்து துளையிடுங்கள். குழியில் நாலு பக்கமும் 2 மி.மீ. இடம் விட்டது இந்தப் பிசகைத் தாங்கத்தான்.

திருப்பிய பிறகு உயரத்தின் பூஜ்யத்தை மேசைப் பரப்பில் வையுங்கள். முன்பக்கத்தை 22 மி.மீ. உயரம் வரும்வரை சீவினால், குழிக்கு மேல் சரியாக 5 மி.மீ. மரம் நிற்கும். பலகையைக் கழற்றாமல் அப்படியே எண்களுக்குப் போங்கள். எண்களை வெட்டும் கூர்முனை வி-பிட் ஆழம் கூடக்கூட அகலமாக வெட்டும். 60 டிகிரி வி-பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப்போல் 1.15 மடங்கு, பரப்பு அரை மி.மீ. மேடாக இருந்தால் கோடு சுமார் 0.6 மி.மீ. தடிக்கும். 90 டிகிரி பிட்டில் முழுசாக 1 மி.மீ. மெல்லிய எழுத்துகள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போவது இதனால்தான். பிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு 8.5 மி.மீ. துளை, கடைசியாக வெளிவட்டம், வட்டம் கழன்று விழாமல் பிடித்திருக்க, வெட்டாமல் விடும் 2 மி.மீ. உயர மரத் துண்டுகள் (டேப்) நான்கு விட்டு. இதற்கு எண்ட் மில்லின் வெட்டும் நீளம் 22 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

எண்களுக்குள் பெயின்ட் ஊற்றும் முன் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் இரண்டு கை அடியுங்கள். இல்லாவிட்டால் நிறம் மரத்தின் ரேகை வழியே ஊறிப் படரும். காய்ந்ததும் 220 உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேயுங்கள். பாலிஷை முன்னும் பின்னும் ஒரே அளவு அடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும்.

மணி முள், நிமிட முள், நொடி முள் என்ற வரிசையில், மூன்றையும் 12-க்கு நேராக மாட்டுங்கள். நிமிட முள்ளை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுழற்றி, ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பாருங்கள். புது பேட்டரி போட்டும் நொடி முள் 9-க்கு அருகே ஏற முடியாமல் துடித்தால், முள் அந்த மெஷினுக்குக் கனம்: இலேசான அலுமினிய முள்ளோ, அதிக முறுக்குத்திறன் உள்ள மெஷினோ மாற்ற வேண்டும்.