நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால்: பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வீட்டு நடைப் பயிற்சி

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ள என் மாமனாருக்குக் கை நடுக்கத்தைவிட இதுதான் பெரிய தொல்லை. கூடத்தில் நன்றாக நடந்து வருவார்; நிலைப்படியை நெருங்கியதும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே சாயும். தருமபுரிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் குறுகல், நிலைப்படி உயரம். விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்து, எங்களுக்குப் பலன் தந்ததை எழுதுகிறேன்.

நினைக்காமலே நடக்கும் பழக்கத்தைத் தாங்குவது மூளையில் சுரக்கும் டோபமின். பார்க்கின்சனில் அது குறைகிறது. ஆனால் கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்தோ, காதால் ஒரு தாளத்தைக் கேட்டோ அடி வைத்தால், கவனம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

1. நேரம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையில் மட்டும் பழகுங்கள்.

2. கோடு. நடக்கும் வழிக்குக் குறுக்காக, ஓர் எட்டுக்கு ஒன்று என, வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். சுண்ணக்கட்டி வேண்டாம், ஒரே நாளில் அழிந்துவிடும். எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் மஞ்சள் டேப் நல்லது. சிவப்புத் தரையில் பளிச்சென்று தெரியும். கோட்டை மிதிக்கச் சொல்லாதீர்கள், தாண்டச் சொல்லுங்கள்.

3. நின்றுவிட்டால். எங்களைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். பக்கத்தில் இருப்பவருக்குக் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. "சீக்கிரம் வாங்க" என்றாலும் பதற்றம் ஏறி இறுக்கம் கூடும். நான் சொல்வது இவ்வளவுதான்: "மாமா, நில்லுங்க. மூச்சை மெதுவாக விடுங்க." பிறகு எடையை வலது காலுக்கு, இடது காலுக்கு என மாற்றி மாற்றி அசையச் சொல்வேன். ஒரு பக்கம் எடை முழுதும் இறங்கியதும் மறுகுதிகால் லேசாகத் தூக்கும். அந்த நொடியில் "பெரிய எட்டு" என்பேன். அப்போது வேறு பேச்சே கூடாது. நடந்துகொண்டே மாங்காய் விலையைக் கேட்டால் கால் மறுபடி நின்றுவிடும்.

4. தாளம். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலிகள் உண்டு. எனக்கு அந்த டக் டக் சத்தம் பிடிக்கவில்லை, அவருக்கும்தான். மாரியம்மன் பண்டிகையில் கேட்டு வளர்ந்த பம்பைதான் அவர் காலுக்குப் பிடித்தது. நிதானமான அடியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வேகமான அடிக்கு எட்டு சிறுத்து, ஓட்டமாகிவிடும்.

5. திரும்புதல். நின்ற இடத்திலேயே சுழலக் கூடாது. வண்டிமாடு திரும்புவதுபோல அகலமாக வளைந்து வரட்டும்.

பின்சேர்க்கை: மெதுவான அசைவுகளைக் கொண்ட சீன உடற்பயிற்சியான தாய்ச்சி பற்றிப் பலர் கேட்டீர்கள். அமெரிக்காவின் ஓரிகனில் 195 பேரிடம் 24 வாரம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. தாய்ச்சி பழகியவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது, தசை நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. எடையைக் காலுக்குக் கால் மெதுவாக மாற்றுவதே அதன் அடிப்படை என்பதால் மேலே மூன்றாவதாகச் சொன்ன பயிற்சிக்கு உதவக்கூடும்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றியும் கேள்வி வந்தது. பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும், உடலில் டோபமினாக மாறும் லெவோடோபா அதிலும் இருப்பது உண்மை. அதனால்தான் மாத்திரையோடு தானாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. அளவு கூடினால் தலைசுற்றலும் கட்டுப்பாடில்லாத உடல் அசைவும் வரலாம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள்.