எண்ணூரில் உள்ளான் பார்ப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

ஆவணி பிறந்தால் வடசென்னைக்கு வெளியூர்ப் பறவைகள் வர ஆரம்பித்துவிடும். சைபீரியா, மங்கோலியா, இமயமலை அடிவாரம் என்று எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்து சேர்கிறவை. பறவை என்றதும் எல்லோரும் வேடந்தாங்கலைச் சொல்வார்கள். அது வேறு கதை. அங்கே முக்கியமாகப் பார்ப்பது கூடு கட்டும் பறவைகளை. எண்ணூர்க் கழிமுகச் சேற்றுக்கு வருகிற உள்ளான் முதலிய கரைப்பறவைகள் மேய்வதற்கு மட்டும் வருகின்றன.

படி 1: முதலில் மொட்டைமாடி

செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம், காலை ஆறரை மணிக்கு மாடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். கேபிள் ஒயரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள், தண்ணீர்த் தொட்டி ஓரம் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் வாலாட்டி, இரண்டுமே வலசை வந்தவையாக இருக்கலாம். முருங்கை மரத்திலிருந்து கரகரவென்று யாரோ திட்டுவது போல் கேட்டால் அது பழுப்புக் கீச்சான். ஒரு மரத்தைப் பிடித்துவிட்டால் சீசன் முழுக்க அதே இடத்தில்தான் இருக்கும், வாடகைக்கு வந்த மாதிரி. பழகுவதற்கு இதைவிட நல்ல பறவை கிடையாது.

படி 2: பைனாகுலர்

8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு வாங்கினால் புதியவர்களுக்குக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். கேமரா இப்போதைக்கு வேண்டாம். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் அதை நீட்டினால் காவலாளிக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும்.

படி 3: ரயில் நேரத்துக்கு முன்னால் தண்ணீர் நேரம்

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கலாம். இறங்காமல் அத்திப்பட்டு புதுநகர் வரை போனால் நடுவில் ஆற்றுப்பாலம் வரும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் அந்தச் சில நொடியிலேயே சேற்றில் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆனால் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் தெரியாமல் போனால் எல்லாம் வீண். இங்கே கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். முழுக்க ஏறியிருந்தால் சேறே இருக்காது. ஏறத் தொடங்கிய பிறகு போய் நின்றால், தண்ணீரே பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன ஞாயிறு கணக்கு இந்த ஞாயிறுக்கு உதவாது. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் எந்தக் கணக்குமே உதவாது. கரையில் வலை பிரிக்கிறவரைக் கேட்பதே நல்லது. ஒருமுறை நான் நோட்டும் கையுமாக நின்றபோது ஒருவர் தானாகவே வந்து சொன்னார்: "இன்னாண்ணா, குருவி எண்ணினுகீறியா? இதெல்லாம் முந்தாநேத்து ராத்திரி வந்ததுண்ணா." அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் இல்லை.

காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சேற்றில் இறங்காதீர்கள்.

படி 4: நிறத்தை மறந்துவிடுங்கள்

புத்தகத்துப் படங்களை நம்பிப் போன என் முதல் வருடம் படு தோல்வி. இனப்பெருக்கக் காலத்து வண்ணத்தை உதிர்த்துவிட்டுத்தான் இவை இங்கே இருக்கும். ஆகஸ்ட்டில் முந்தி வரும் வளைமூக்கு உள்ளான்களின் வயிற்றில் மட்டும் செங்கல் சிவப்பு திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். அவை வளர்ந்த பறவைகள். அந்த வருடக் குஞ்சுகள் பெரும்பாலும் பின்னால் வரும், வழிகாட்ட தாய் தகப்பன் இல்லாமல். அக்டோபரில் எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான்.

அதனால் நடையைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. குட்டை அலகு, பெரிய கண். கண்ணால் இரை தேடும் சாதி. உள்ளான்களில் பல அலகால் சேற்றைத் துழாவித் தேடுகிறவை. தலை குனிந்தபடியே நகரும். சிட்டுக்குருவி அளவில், தலையைத் தூக்காமல் கொத்திக்கொண்டே இருப்பது கொசு உள்ளான். தனியாகப் படகு ஓரத்திலோ கல்லிலோ நின்றுகொண்டு பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் சாதா உள்ளான்.

அப்புறம் அலகு, கால். இதிலும் ஏமாறலாம். கறுத்த காலோடு ஒன்று அரை மணி நேரம் என் முன்னால் மேய்ந்தது. பட்டியலில் இருந்த அத்தனை கறுப்புக்கால் பறவைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன், எதிலும் சேரவில்லை. நாய் ஒன்று ஓடிவர, எழும்பியது. இறக்கையின் பின்விளிம்பில் பட்டையாக வெள்ளை, கூடவே "ட்யூ-ஹூ-ஹூ". பவளக்காலி! முட்டி வரை அப்பியிருந்தது எண்ணூர்ச் சேறு. அன்றிலிருந்து, பறக்கும்வரை பொறுக்காமல் பெயர் எழுதுவதில்லை.

படி 5: எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், தண்ணீர் ஏற்றமா இறக்கமா, எத்தனை பறவை. 'நிறைய' என்று எழுதாதீர்கள்; பத்துப் பத்தாக எண்ணி, தோராயமாகவாவது ஓர் எண் போடுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்ய உதவும் ஈபேர்ட் (eBird) செயலி இலவசம். பெயர் தெரியாததை 'உள்ளான் வகை' என்று விட்டுவிடலாம், வெட்கமே வேண்டாம்.

நடுவில் வீட்டுக்குள் ஆறுமணிக்குருவி விழுந்தால்

அக்டோபரில் இது நடக்கும். பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, கட்டை வால். இரவில் பறந்து வரும்போது விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் நுழைந்துவிடும். வெளியே விழுந்தால் காக்கைகள் விடாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறும் வேண்டாம். தெளிந்துவிட்டால், காக்கை அடங்கிய பிறகு மரம் அடர்ந்த இடத்தில் திறந்துவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாத்துகளுக்கும் பூநாரைக்கும் அவசரப்பட வேண்டாம். மழை பெய்து நவம்பர் தாண்டட்டும். அதற்குப் பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு முழு நாள் ஒதுக்கி, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.