நரம்புச் சேதியின் வேகம்: பத்துப் பேர் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம்

வேண்டியவை: பத்துப் பேர், இஞ்ச் டேப், ஸ்டாப்வாட்ச். போன் வேண்டாம், திரையில் விரல் எப்போது பட்டது என்றே தெரியாது. 'டிக்' என்று அமுங்கும் பொத்தான் வாட்ச்தான் என் கட்சி.

படி 1: வட்டமாக உட்கார்ந்து, வலது கையால் பக்கத்து ஆளின் கணுக்காலைப் பிடியுங்கள். வாட்ச் வைத்திருப்பவர் பொத்தானை அமுக்கும்போதே அந்தக் காலையும் அழுத்துவார். தன் காலில் அழுத்தம் பட்டவர் அடுத்தவர் காலை அழுத்த வேண்டும். சுற்றி வந்து முதல் ஆளின் காலுக்கே எட்டியதும் வாட்சை நிறுத்துங்கள்.

படி 2: அதையே தோளைப் பிடித்துச் செய்யுங்கள்.

படி 3: கணக்கு. நான் சறுக்கியது இங்கேதான். கணுக்கால் சுற்றுக்கு எங்களுக்கு 2.65 நொடி ஆனது. காலிலிருந்து மூளை, மூளையிலிருந்து கை என்று ஆளுக்கு 2.6 மீட்டர், மொத்தம் 26. வகுத்தால் நொடிக்குப் பத்து மீட்டர்கூட வரவில்லை. உசைன் போல்ட் இதைவிட வேகமாக ஓடியிருக்கிறார்!

தப்பு என்னவென்றால், அந்த 2.65 நொடியில் பெரும்பகுதி ஓட்டமே இல்லை. ஒரு நியூரானுக்கும் (நரம்புச் செல்) அடுத்ததற்கும் நடுவே சினாப்ஸ் என்ற இடைவெளி, சுமார் 20 நானோமீட்டர். பெரும்பாலான சினாப்ஸ்களில் மின்துடிப்பு இதைத் தாண்டாது. இந்தக் கரையில் ரசாயனம் கொட்டி, அக்கரையில் ஒட்டி, மறுபடி துடிப்பு கிளம்ப வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லிநொடிபோல ஆகும். மூளைக்குள் இப்படி எத்தனையோ கைமாற்றம். அதற்குமேல் தசை சுருங்கும் நேரம் வேறு.

எனவே கழியுங்கள். தோள் சுற்று 2.40 நொடி. இரண்டிலும் மூளை வேலையும் கை வேலையும் ஒன்றுதான், மிச்சம் 0.25 நொடி கால் தூரத்துக்கு மட்டும். கணுக்கால்–பிடரி தூரத்தில் தோள்–பிடரி தூரத்தைக் கழித்தால் ஆளுக்கு 1.1 மீட்டர், பத்துப் பேருக்கு 11. ஆக, நொடிக்கு 44 மீட்டர். தொடுவுணர்வு நரம்புக்குப் பொருத்தமான எண். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளைக்கால் நரம்பை இரண்டு இடங்களில் தூண்டி, இதே கழித்தலைச் செய்துதான் நொடிக்கு 27 மீட்டர்போலக் கண்டார்.

பின்சேர்க்கை: "எனக்கு மைனஸில் வருகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கணுக்காலை முதலில் செய்தீர்களா, தோளையா? தோளில் தொடங்கினால், கால் முறை வருவதற்குள் கை பழகி வேகம் கூடிவிடும். முதலில் ஏழெட்டுச் சுற்று சும்மா ஓட்டுங்கள். பிறகு கால், தோள், கால், தோள் என்று மாற்றி மாற்றி எடுத்துச் சராசரி போடுங்கள்.

கண்ணையும் மூடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு வாண்டு ஒன்று எட்டிப் பார்த்து முன்கூட்டியே அழுத்திக்கொண்டிருந்தது.