பூங்கா மேடையில் ஆடு புலி ஆட்டக் கட்டம் அமைப்பது எப்படி

பழைய கோயில் மண்டபத் தரைகளில் ஆடு புலி ஆட்டக் கோடுகள் செதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். அறிமுகமில்லாதவர்களைப் பேசவைக்க அதைவிட எளிய வழி இல்லை.

உடனே செதுக்க வேண்டாம். சாக்பீஸால் வரைந்து மூன்று மாலை கவனியுங்கள். ஆட்கள் ஏற்கெனவே உட்காரும் நிழலில்தான் ஆட்டம் பிடிக்கும். இடம் உறுதியானதும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மேடை 6 அடி நீளம், 2½ அடி அகலம், 45 செ.மீ. உயரம். நடுவில் 2 அடி கட்டத்துக்கு. இருபுறமும் உட்கார ஆளுக்கு 2 அடி. முன்னால் 4 அடி வெற்றிடம் கட்டாயம். ஆடுபவர் இருவர்தான், ஆனால் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் நின்று வேடிக்கை பார்ப்பவர்: "அங்க வைக்காதீங்க, புலி வெட்டிரும்!" அவருக்கு நிற்க இடமில்லையென்றால் இத்தனை வேலையும் வீண்.

48 செ.மீ. அடிக்கோடு போட்டு, அதன் நடுவுக்கு நேர் மேலே 60 செ.மீ. உயரத்தில் உச்சிப் புள்ளி வையுங்கள். அடிக்கோட்டை மூன்று சமபாகமாக்கி, உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறக்குங்கள். உச்சிக்குக் கீழே 24, 36, 48 செ.மீ.யில் 54 செ.மீ. நீளப் படுக்கைக் கோடுகள் மூன்று, நடு பார்த்து. அவற்றின் முனைகளை இருபக்கமும் இணையுங்கள். சந்திப்புகள் 23 வர வேண்டும்: உச்சியில் 1, படுக்கைக் கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4.

சிமெண்ட் பூச்சு இறுகும் முன்பே நூல் பிடித்து 3 மி.மீ. ஆழம் கீறிவிடுங்கள், பெயிண்ட் தேய்ந்தாலும் கோடு நிற்கும். பெயிண்ட் அடிக்க 28 நாளாவது பொறுங்கள். ஈரச் சிமெண்டின் காரம் எனாமலை உரித்துவிடும். மேடைக்கு மேலே கறுப்புக் கடப்பாக் கல் வேண்டாம், வெயிலில் உட்கார முடியாது. மழைநீர் வடிய அகலவாக்கில் 1 செ.மீ. சரிவு போதும், கூடினால் காய் உருளும்.

பக்கத்தில் பல்லாங்குழியும் செதுக்கலாமே என்பார்கள். வெட்டவெளியில் கூடாது: 14 குழியிலும் தண்ணீர் தேங்கிக் கொசு வரும்.

ஒரே கட்டம் இருந்தால் ஒரு குழு நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும், பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கிவிடுவார்கள். இரண்டாவதைக் குழந்தைகள் விளையாடும் பக்கம் வையுங்கள்.

காய்கள் காணாமல் போகும். சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். புலிக்கு 3 செங்கல் துண்டு, ஆட்டுக்கு 15 கூழாங்கல். குழந்தை விழுங்காதபடி 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். மேடையடியில் ஒரு கூடைக் கல் கூடுதலாகப் போட்டு, மாதம் ஒருமுறை நிரப்புங்கள்.