5-ஹெச்ஐஏஏ சோதனை: 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது எப்படி?

உடலில் சுரக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை எம்ஏஓ (மோனோஅமைன் ஆக்சிடேஸ்) நொதி முதலில் 5-ஹைட்ராக்ஸி இண்டோல் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இந்த ஆல்டிஹைடு புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், நிலைத்து நிற்காது. அதனால் அதிலிருந்து உண்டாகும் 5-ஹெச்ஐஏஏ என்ற அமிலத்தைத்தான் சிறுநீரில் அளக்கிறார்கள். செரட்டோனினை அதிகமாகச் சுரக்கக்கூடிய கார்சினாய்டு என்ற கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனை.

மூன்று நாள் முன்பிருந்தே, சேகரித்து முடிக்கும்வரை, வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட், அவகேடோ வேண்டாம். சாம்பார், ரசத்துத் தக்காளியும் கணக்குதான். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பாராசிட்டமாலும் குவைஃபெனசின் கலந்த இருமல் மருந்தும் முடிவைப் பிசகச் செய்யும். மற்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மதுவும் கூடாது: குடித்தால் அந்த ஆல்டிஹைடு அமிலமாகாமல் 5-ஹைட்ராக்ஸி டிரிப்டோஃபால் என்ற வேறொரு பொருளின் பக்கம் திரும்பும், அளவு குறைவாகக் காட்டும்.

காலை 7 மணிக்கு என்று வைத்துக்கொண்டால், அப்போது போகும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு சொட்டும் விடாமல், மறுநாள் 7 மணிச் சிறுநீர் உட்பட, கேனில் சேரவேண்டும். ஆய்வகம் தரும் கேனில் பெரும்பாலும் அமிலம் இருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், நேரடியாக அதற்குள் சிறுநீர் கழிக்காதீர்கள். தெறித்தால் தோல் வெந்துவிடும். குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். கேன் குளிர்ச்சியாக, வெளிச்சம் படாமல் இருக்கட்டும்.

ஒருமுறை தவறினாலும் அத்தனையும் கொட்டிவிட்டு, புதுக் கேன் வாங்கி முதலிலிருந்து தொடங்குவதே சரி.