புறாமலையில் முதல் தடவை முகம் கவிழ்க்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கரையில் நின்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கல்லாகக் குவிந்து நிற்பதுதான் புறாமலை. பெரிய தீவு, பக்கத்தில் சின்னத் தீவு, அதைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் குடியிருப்பதால் வந்த பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பெரிய தீவே 200 மீற்றர் நீளம்தான்.

இங்கே ஸ்னோர்கல் செய்ய, அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மிதந்து பார்க்க வந்து, ஆழம் குறைவு என்று கேட்டதும் "அப்ப பயமில்லை" என்று பாய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆழக் கடலில் முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பாறையும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) வயிற்றுக்குக் கீழேயே கிடக்கும். என் முழங்காலில் இருக்கும் தழும்பு நிற்க முடிந்த இடத்தில் வாங்கியது.

முதலில் நாளும் நேரமும். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், போய்ப் பயனில்லை. நல்ல மாதத்திலும் காலையில் முதல் படகைப் பிடியுங்கள், ஏனென்றால் வெயில் ஏற ஏறக் காற்றும் எழும்பும், ஆட்களும் குவிவார்கள். என்னைக் கூட்டிப்போன படகுக்கார அண்ணை சொன்னது: "தம்பி, காத்து எழும்பினா கல்லுக்குக் கிட்டப் போகாத." இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது மாஸ்க். வாடகைக்கு எடுப்பவர்கள் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள், அப்புறம் அரை மணி நேரம் உப்புத் தண்ணீர் குடிப்பார்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளே இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விளிம்புக்குள் ஒரு முடி சிக்கினாலும் ஒழுகும். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். ஒழுகுகிறதே என்று பட்டியை இறுக்கினால் இன்னும் மோசமாகத்தான் ஒழுகும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்ளே துப்பித் தேய்த்துக் கழுவுங்கள். அருவருப்பாக இருந்தால் குழந்தைகளின் ஷாம்பு ஒரு சொட்டு.

சரி, தண்ணீர். மணல் தரையில் இடுப்பளவில் நின்று முகத்தை மட்டும் கவிழ்த்து ஐந்து நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். பிறகு குழாய்க்குள் வேண்டுமென்றே தண்ணீர் புகவிட்டு "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றுங்கள். இது கைவராமல் பாறைப் பக்கம் போக வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போடுவதில் வெட்கம் எதற்கு? நீந்தத் தெரிந்தவர்களும் போடுகிறார்கள். காலில் ஃபின்ஸ் (நீந்தும் துடுப்பு) இருந்தால் முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிக்காமல் இடுப்பிலிருந்து காலை நீட்டி மெதுவாக உதையுங்கள்.

பாறையை நெருங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. தூரத்தில் உங்களை மெல்லத் தூக்கி இறக்கும் அதே அலை, பாறை அருகே போனதும் முன்னும் பின்னும் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து உதைத்தால் மூச்சுத்தான் வாங்கும். பின்னால் இழுக்கும்போது சும்மா மிதந்துவிட்டு, முன்னால் தள்ளும்போது உதையுங்கள். பாறைக்கும் உங்களுக்கும் நடுவில் நாலைந்து மீற்றராவது இருக்கட்டும், நுரை அடிக்கும் பக்கத்தை விட்டுக் காற்று மறைவான பக்கத்தில் சுற்றுங்கள். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், முருகைக்கல் மேல் மட்டும் காலை வைக்காதீர்கள். அது உயிருள்ளது, வளரப் பல வருடங்கள் எடுப்பது. உங்கள் காலையும் அது சும்மா விடாது.

துடுப்பு நுனி கறுத்த சுறாக்களைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ஒரு ஆள் நீளம்கூட வராது, மனிதரைக் கண்டால் விலகிப்போகும் கூச்ச சுபாவம். துரத்தினால் இன்னும் சீக்கிரம் போய்விடும், ஆகவே அசையாமல் மிதந்து பாருங்கள். நான் பயப்படுவது சுறாவுக்கு அல்ல, முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீனுக்கு. அது தன் கூட்டுக்கு மேலே நீர்மட்டம் வரைக்கும் விரிந்துபோகும் இடம் முழுவதையும் தன்னுடையது என்று நினைத்துத் துரத்தும், அதனால் மேலே எழும்பித் தப்ப முடியாது. பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

மூச்சடக்கிக் கீழே போகும் ஆசை வந்தால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முக்குளிப்பதற்கு முன் படபடவென்று பல மூச்சு எடுப்பது. அதனால் ஒட்சிசன் பெரிதாக அதிகரிக்காது, கரியமில வாயு குறைந்து மூச்செடுக்கும் தவிப்பு தாமதமாகும், எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். ஒருவர் முக்குளித்தால் மற்றவர் மேலிருந்து பார்க்க வேண்டும்.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்க வேண்டுமா? பயிற்சி இல்லாதவர்கள் பயிற்றுநரோடு அதிகபட்சம் 12 மீற்றர் வரை இறங்கலாம். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, காது வலி எதையும் மறைக்காதீர்கள். 10 மீற்றரில் அழுத்தம் கரையில் இருப்பதுபோல் இரண்டு மடங்கு, அதாவது முழு ஆழத்திலும் பெரிய மாற்றம் நடப்பது இந்த முதல் பத்தில்தான். ஆகவே வலிக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு மீற்றருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமப்படுத்துங்கள், திறக்காவிட்டால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே காற்று விரிந்து நுரையீரல் கிழியும், அதற்கு இரண்டு மீற்றரே போதும். ஏறும்போது உங்கள் சின்னக் குமிழிகளை முந்தாதீர்கள், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள்.

அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் திட்டம் இருந்தால் சிலிண்டரை விட்டுவிடுங்கள். ஒரு தடவை இறங்கினால் 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது. ஸ்னோர்கலுக்கு இந்தக் கணக்கு இல்லை. வெயிலுக்குக் கிரீம் பூசி முருகைக்கல் மேல் கரைக்காமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முதுகு எரிந்து அன்றிரவு குப்புறப் படுக்கவும் வேண்டாம்.