கரப்பானுக்கு எதிர்ப்பு சக்தியை ஏற்ற வேண்டாம்

குழந்தை முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் ராத்திரி முழுக்கச் சொறிகிறது என்றால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "எதிர்ப்பு சக்தி பத்தலை". அப்புறம் கஷாயம், டானிக், சத்துமாவு என்று வரிசையாக வரும்.

கரப்பான் என்று நாம் சொல்லும் அடாபிக் எக்ஸிமாவில் சிக்கலே வேறு. எதிர்ப்பு மண்டலம் அங்கே தேவைக்கு மேல் வேலை செய்கிறது. மேல்தோலை இறுக்கமாக வைத்து ஈரம் காப்பதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மரபணுவில் பழுது இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பலவீனமான தோல் வழியே தூசும் கிருமியும் நுழைய, எதிர்ப்பு செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை ஃபிலாக்ரின் உற்பத்தியை மேலும் குறைத்துவிடும். தோலின் தடுப்பு இன்னும் கெடும், அரிப்பும் ஏறும். 2017இல் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி இந்த இரண்டு சமிக்ஞைகளைத் தடுத்துத்தான் பலன் தருகிறது.

ஆகவே முதல் கவனிப்பு தோலுக்கு. தோலின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, சுமார் 5. சாதாரண சோப்புக்கோ 9, 10 வரை போகும். "கிருமி போகட்டும்" என்று சுடுதண்ணீரில் நுரைக்க நுரைக்கத் தேய்த்தால் இருக்கிற எண்ணெய்ப்பசையும் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிக்கவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள்.

சோப்புக்குப் பதில் கடலைமாவா? புண்பட்ட தோலில் வேண்டவே வேண்டாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய பலருக்குப் பின்னால் கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை வந்தது. பழுதான தோல் வழியே உணவுப் புரதம் போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிவிடலாம். அதே வீட்டில் கத்தரிக்காய், முட்டை, மீன் எல்லாவற்றையும் சோதிக்காமலே நிறுத்திவைத்திருப்பார்கள். வளரும் பிள்ளைக்கு அது அநியாயம்.

ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டில் இரண்டு தவறுகள். பயந்துபோய் பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைப்பது ஒன்று. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு (விரல்களையும் சேர்த்து) பரப்புக்குச் சரியாக இருக்கும். எத்தனை நாள், எந்த வீரியம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இன்னொன்று, மெடிக்கலில் கேட்டு வாங்கிய, குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் படர்தாமரைக்கும் பூசுவது. சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும்.

தேன் நிறப் பொருக்கு கட்டினால் கிருமித்தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு, ஒரே அளவில் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.